வாடகை வீட்டுக் கான்கிரீட்: வாங்கும் முன், உடைக்கும் முன், மூடும் முன்

பழைய வீடு ஒன்றை வாடகைக்கு விடும் நோக்கில் பார்வையிடச் செல்லும்போது, என் பையில் கால் கிலோ எடையுள்ள சிறு சுத்தியலும் டார்ச் விளக்கும் ஒரு பென்சிலும் இருக்கும். சமையலறை அலமாரியையோ குழாய்களையோ சுவரின் நிறத்தையோ நான் முதலில் பார்ப்பதில்லை. அவற்றைச் சில நாட்களில் மாற்றிவிடலாம். கான்கிரீட் அப்படியன்று. அது பழுதாகியிருந்தால், அதன்மேல் செய்த வேலை அனைத்தையும் பெயர்த்த பிறகே அதைத் தொட முடியும். தொட்ட பிறகும் அது தன் வேகத்தில்தான் இறுகும், தன் வேகத்தில்தான் உலரும். அதுவரை வீடு பூட்டியே கிடக்கும். வாடகை முதலீட்டில் கான்கிரீட்டின் பெரிய செலவு சிமென்டோ கம்பியோ அல்ல, வாடகை வராத அந்த நாட்கள்தான் என்பது என் கணக்கு. கீழே சொல்லும் வழிமுறைகள் எல்லாம் அந்தக் கணக்கை ஒட்டியவை.

தட்டிப் பார்த்தல்

உரிமையாளரின் அனுமதியைப் பெற்றுக்கொண்டு, மேல்தளத்தின் அடிப்பக்கம், உத்திரங்கள், தூண்களின் அடிப்பகுதி, பால்கனியின் அடிப்பக்கம் ஆகியவற்றை ஒரு சாண் இடைவெளியில் மெதுவாகத் தட்டிக்கொண்டே வரவேண்டும். நல்ல கான்கிரீட் ‘ணங்’ என்று ஒலிக்கும். உள்ளே ஏடு பிரிந்த இடத்தில் ‘டொப்’ என்று மந்தமான ஒலி வரும். பூச்சு மட்டும் பிடிப்பு விட்டிருந்தாலும் இதே ஒலி வரும் என்பதால், அவ்வாறு ஒலிக்கும் ஓரிடத்தில் பூச்சைச் சிறிது சுரண்டி, பிளவு பூச்சோடு நிற்கிறதா, கான்கிரீட்டுக்குள்ளும் சென்றிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஓரிரு நாள் வேலைக்கும் சில வார வேலைக்கும் உள்ள வேறுபாடு.

குளியலறைக்கு நேர் கீழே உள்ள தளம், தண்ணீர்த் தொட்டி அமர்ந்திருக்கும் இடம், மழைநீர்க் குழாய் இறங்கும் மூலை ஆகியவற்றில் நேரம் செலவிடுங்கள். அறையின் மேற்புறம் முழுவதும் பழைய நிறத்தில் இருக்க, ஓரிடத்தில் மட்டும் புது வெள்ளை அடித்திருந்தால், அந்த வெள்ளைக்குக் கீழே ஏதோ இருக்கிறது என்று கொள்ளலாம். நான் ஒருமுறை அப்படிப்பட்ட ஒரு வெள்ளைத் திட்டின்மீது டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது, ஒரு கைப்பிடி இடைவெளியில் இணையாக ஓடிய மூன்று மெல்லிய கோடுகள் தெரிந்தன. அவை உள்ளிருக்கும் கம்பிகள் எழுதிய கோடுகள்.

கம்பி ஏன் அப்படி வெளியே தெரிகிறது என்பதை அறிந்தால்தான் பழுதின் வயதைக் கணிக்க முடியும். புதிய கான்கிரீட்டின் காரத்தன்மை மிக அதிகம். அதன் பிஎச் அளவு 12.5க்கு மேல் இருக்கும். அந்தக் காரம் இருக்கும்வரை கம்பியின் மேல் ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலம் நிலைத்திருந்து துருவைத் தடுக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊடுருவிக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, பிஎச் அளவு 9 அளவுக்கு இறங்கும்போது படலம் அழிகிறது. அதன்பின் ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு தொடங்கும். துரு, தான் தோன்றிய இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை அதிக இடத்தைக் கேட்கும். அந்த நெருக்கலில் கான்கிரீட் ஏடாகப் பிளந்து விழுகிறது.

இதில் முதலீட்டாளர் கவனிக்க வேண்டியது ‘கவர்’ எனப்படும் கம்பிக்கு வெளியே உள்ள கான்கிரீட் கனம். வாயு உள்ளே நகரும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே கூடுகிறது. ஆகவே 20 மி.மீ. இருக்க வேண்டிய கவர் 10 மி.மீ. மட்டுமே இருந்தால், பாதுகாப்புக் காலம் பாதியாவதில்லை, கால் பங்காகிவிடும். கட்டும்போது கவர் கட்டைகளை வைக்கச் சோம்பிய ஒருவரின் கணக்கைப் பிற்காலத்தில் வீட்டை வாங்குகிறவர் தீர்க்கிறார். கடலோர வீடுகளிலும், உப்பு கலந்த நீரில் அல்லது மணலில் கலவை போட்ட வீடுகளிலும், காரம் குறையாமலேயே உப்பு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். அங்கே பழுது இன்னும் விரைவாகவும் ஆழமாகவும் பரவும்.

விரிசலைப் படித்தல்

எல்லா விரிசலும் பயப்பட வேண்டியதல்ல. எல்லா விரிசலையும் பட்டி பார்த்து மூடிவிடவும் கூடாது. பூச்சில் சிலந்தி வலைபோல் பரவியிருக்கும் மயிரிழைக் கோடுகள் பூச்சு உலர்ந்து சுருங்கியதால் வந்தவை. அவை தோற்றக் குறை மட்டுமே. கதவு, சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல், ஒரு முனையில் அகன்றும் மறுமுனையில் குறுகியும் இருந்தால், அடித்தளம் ஒருபக்கம் இறங்கியிருக்கலாம். கம்பியின் போக்கிலேயே நேராக ஓடி, பழுப்பு நிறம் கசியும் விரிசல் துருவால் வந்தது. உத்திரத்தின் நடுப்பகுதியில் அடியிலிருந்து மேலே ஏறும் விரிசலும், தாங்குமிடத்துக்கு அருகே சாய்வாக ஓடும் விரிசலும் சுமையைப் பற்றிப் பேசுகின்றன. அவற்றைக் கண்டால் கட்டமைப்புப் பொறியாளரை அழைக்காமல் விலைபேச உட்காரக் கூடாது.

அகலத்தைப் பொறுத்தவரை, 0.3 மி.மீ. என்பது வடிவமைப்பு விதிகள் பலவற்றில் வழக்கமாகக் காணப்படும் எல்லை. ஆனால் அகலத்தைவிட முக்கியமான கேள்வி, விரிசல் இன்னும் வளர்கிறதா என்பது. பென்சிலால் விரிசலின் இரு முனைகளிலும் குறுக்குக் கோடிட்டு, பக்கத்தில் தேதியையும், நடுவில் அளந்த அகலத்தையும் எழுதி வைக்கவும். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இருபுறமும் ஒட்டி வைப்பது பழைய முறை. விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும். வாங்குவதற்கு முன் இதற்குக் கால அவகாசம் கிடைக்காது என்பது உண்மை. ஆயினும் விரிசலின் உட்புறம் அழுக்கேறிக் கறுத்திருக்கிறதா, புதிதாக வெளுத்திருக்கிறதா என்று பார்த்தாலே ஓரளவு விடை கிடைத்துவிடும்.

ஐயம் வலுவாக இருந்தால் சோதனைக்குச் செலவழிப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் உள்ள பகுதி இளஞ்சிவப்பாக மாறும், காரம் இழந்த பகுதி நிறமின்றி நிற்கும்; நிறமற்ற பட்டையின் ஆழம் கம்பியை எட்டிவிட்டதா என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மேற்பரப்பின் கடினத்தை அளக்கும் ரீபவுண்ட் சுத்தியலும், உட்பகுதியின் சீரான தன்மையைக் காட்டும் மீயொலிச் சோதனையும் பொறியாளர் கையில் இருக்கும். அந்த எண்களைத் தனித்தனியாக நம்பாமல் சேர்த்தே படிக்க வேண்டும்.

என் அனுபவத்தில் முடிவெடுக்கும் வரம்பு இது: பழுது ஈரமுள்ள ஓரிடத்துக்குக் கீழே மட்டும் இருந்தால், பழுதுபார்க்கும் செலவையும் காலியாக இருக்கும் மாதங்களையும் கழித்து விலைபேசி வாங்கலாம். எல்லா அறைகளிலும் மேல்தளத்தின் அடியில் கம்பிக் கோடுகள் தெரிந்தாலோ, தூண்களின் அடியில் செங்குத்து விரிசல்கள் இருந்தாலோ, நிலத்துக்கு மட்டும் உரிய விலையில் கிடைத்தாலொழிய விலகிவிடுவேன். அடுக்ககமாக இருந்தால் இன்னொன்றும் உண்டு: தளமும் தூணும் பெரும்பாலும் பொதுச் சொத்து, உங்கள் வீட்டுக்குள் இருந்தாலும் அவற்றைத் தொட மற்றவர்களின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவைப்படும், அதற்கும் காலம் பிடிக்கும்.

உடைத்தல்

உடைக்கும் வேலையைத் திட்டமிடாதவர்கள் எடையை மறந்துவிடுகிறார்கள். ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறத்தாழ 2,400 கிலோ இருக்கும். மூன்று மீட்டருக்கு நான்கு மீட்டர் அளவுள்ள அறையில் 100 மி.மீ. கனத் தரையை உடைத்தால், 2,900 கிலோவுக்குச் சற்றுக் குறைவான இடிபாடு கிடைக்கும். உடைந்த துண்டுகள் உடைக்கும் முன் இருந்ததைவிடக் கணிசமாக அதிக இடத்தை அடைக்கும். மாடியில் உடைத்ததை அறையின் நடுவில் குவித்து வைப்பது பெருந்தவறு. குடியிருப்புத் தளங்கள் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரையிலான பயன்பாட்டுச் சுமையைக் கருதியே வடிவமைக்கப்படுகின்றன. மீட்டர் உயரக் குவியல் அதே பரப்பில் ஒரு டன்னைத் தாண்டிவிடும். உடைக்க உடைக்க மூட்டைகளில் கட்டி உடனுக்குடன் இறக்குவதுதான் சரி.

தூசியை அற்பமாக எண்ண வேண்டாம். கான்கிரீட்டை உலர்வாக வெட்டும்போதும் அரைக்கும்போதும் பறக்கும் நுண்ணிய சிலிக்கா நுரையீரலில் தங்கி, மீளாத சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்கும். வெட்டும் இடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டுதல் அல்லது உறிஞ்சும் கருவி பொருத்திய கிரைண்டரைப் பயன்படுத்துதல், அத்துடன் முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் தகுந்த முகமூடி ஆகியவை கட்டாயம். துணியை முகத்தில் கட்டிக்கொள்வது பாதுகாப்பு ஆகாது. பழைய தரை ஓடுகளுக்குக் கீழே கறுப்பு நிறப் பசை தென்பட்டால், அதில் கல்நார் கலந்திருக்கலாம் என்பதால், பரிசோதிக்காமல் அரைக்கத் தொடங்கக் கூடாது.

சுவரை எடுத்து அறையைப் பெரிதாக்குவது வாடகையை உயர்த்தும் எளிய வழிபோல் தோன்றும். எந்தச் சுவர் சுமை தாங்குகிறது என்பதைத் தட்டிப் பார்த்து அறிய முடியாது. வரைபடமோ பொறியாளரோ சொல்ல வேண்டும். தளத்தில் குழாய்க்காகத் துளை போடும் முன் கம்பிகளின் இடத்தைக் கருவியால் கண்டறிந்து குறித்துக்கொள்ள வேண்டும். உத்திரத்தையும் தூணையும் குழாய்க்காகக் கொத்துவதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். இழுவிசை ஏற்றிய கம்பிவடங்கள் உள்ள தளமாக இருந்தால், ஒரு வடத்தை வெட்டினாலும் அது தெறித்து உயிரையே பறிக்கக்கூடும்.

பெயர்ந்த இடத்தைச் சரிசெய்தல்

கான்கிரீட் பழுதுகளில் மிகவும் கெடுத்துச் செய்யப்படும் வேலை இதுதான். காரை விழுந்த குழியில் சிமென்டுக் கலவையை அப்பி, மேலே பட்டியும் வண்ணமும் பூசிவிட்டால், புகைப்படத்துக்கு அழகாக இருக்கும். துரு உள்ளே வேலையைத் தொடரும். ஒருநாள் அந்த ஒட்டு, குடியிருப்பவர் தலைமேல் விழும்.

முதல் வேலை தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டு அதை நிறுத்துவது. மேலே குளியலறைக் குழாய் கசிந்துகொண்டிருக்கும்போது கீழே ஒட்டுப் போடுவது காசை நனைப்பதே. அடுத்து, கொத்தும் பகுதி பெரிதாக இருந்தால் பொறியாளர் சொற்படி முட்டுக் கொடுக்க வேண்டும். பழுதான பகுதியைச் சுற்றி நேர்கோடுகளில், ஏறத்தாழ 10 மி.மீ. ஆழத்துக்குக் கிரைண்டரால் வெட்டி, ஓரங்களைச் செங்குத்தாக ஆக்கிக்கொள்ள வேண்டும். தேய்ந்து மெலியும் ஓரத்தில் எந்தக் கலவையும் நிலைக்காது. பின்னர் தளர்ந்த கான்கிரீட் முழுவதையும் கொத்தியெடுத்து, கம்பியின் பின்புறம் விரல் நுழையும் அளவு, அதாவது சுமார் 20 மி.மீ. இடைவெளி கிடைக்கும்வரை செல்ல வேண்டும். கம்பியின் முன்பக்கத்தை மட்டும் சுத்தம் செய்து நிறுத்துவதுதான் வழக்கமான ஏமாற்று. துருவற்ற கம்பி தென்படும்வரை நீளவாக்கிலும் கொத்துதல் தொடர வேண்டும்.

கம்பியை இரும்புத் தூரிகையாலோ மணல் பாய்ச்சியோ பளபளப்பு வரும்வரை தேய்த்து, மீதமிருக்கும் தடிமனை அளக்கவும். கம்பி கணிசமாக மெலிந்திருந்தால் புதுக் கம்பியை எவ்வளவு நீளம் சேர்த்துக் கட்டுவது என்பதைப் பொறியாளர் சொல்ல வேண்டும். கொத்தனாரின் கண்ணளவுக்கு அதை விடக் கூடாது. துத்தநாகம் மிகுந்த பூச்சைக் கம்பியில் அன்றே பூசி, பழைய கான்கிரீட்டை நனைத்து, மேற்பரப்பில் நீர் நிற்காத நிலையில் பிணைப்புப் பூச்சு அடித்து, அது உலர்வதற்குள் பாலிமர் கலந்த பழுதுநீக்கக் கலவையை உள்ளங்கையால் அழுத்தி அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு அடுக்கின் கனமும், உடன் சேர்க்கும் தண்ணீரின் அளவும் மூட்டையின்மேல் அச்சிட்டிருக்கும். அதைப் படிக்க ஆகும் ஐந்து நிமிடத்தைச் செலவிடுங்கள். உப்பு ஏறிய கான்கிரீட்டில் சரிசெய்த திட்டின் ஓரத்தை ஒட்டிப் புதிதாகத் துரு தொடங்குவதும் உண்டு என்பதால், அத்தகைய வீட்டில் ஒருமுறை செய்து முடித்த வேலை என்று எதையும் கணக்கில் எழுத வேண்டாம்.

அசையாத விரிசலுக்கு எபாக்சியை அழுத்தி ஏற்றலாம். வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்ப விரிந்து சுருங்கும் விரிசலில் எபாக்சி பயன்படாது, பக்கத்திலேயே இன்னொரு விரிசலைப் பிறப்பிக்கும். அங்கே நீட்சி உள்ள பாலியூரிதேன் அடைப்பானே பொருந்தும்.

புதிதாகப் போடுதல்

வாசற்பாதை, வண்டி நிறுத்துமிடம், சமையலறைத் தரை எதுவாக இருந்தாலும், தண்ணீரின் அளவு ஒன்றே பாதி வெற்றியை முடிவுசெய்கிறது. சிமென்டின் எடையில் பாதிக்குக் குறைவாகத் தண்ணீர் இருக்க வேண்டும் என்றால், 50 கிலோ சிமென்டுக்கு 25 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. மணலிலிருக்கும் ஈரமும் அதில் அடக்கம். கலவை கெட்டியாக இருக்கிறது என்று வேலையாள் குழாயைத் திறக்கும் அந்த நொடியில் நீங்கள் அங்கே நிற்பது நல்லது. கூடுதல் நீர் வேலையை எளிதாக்கும்; வலிமையைக் குறைத்து, சுருக்க விரிசலைக் கூட்டும். இளக்கம் வேண்டுமானால் அதற்கென்று உள்ள பிளாஸ்டிசைசரைச் சேர்க்கலாம்.

நீராற்றுதலை, அதாவது போட்ட கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பதை, குறைந்தது ஏழு நாட்கள் விடாமல் செய்ய வேண்டும். ஏழாம் நாளில் கான்கிரீட் தன் 28 நாள் வலிமையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை எட்டியிருக்கும். திறந்த தரையில் 100 மி.மீ. கனத்துக்கு இரண்டரை முதல் மூன்று மீட்டருக்கு ஒரு வெட்டுக்கோடு, கனத்தில் கால் பங்கு ஆழத்தில், பொதுவாக முதல் நாளுக்குள்ளாகவே போட்டுவிட்டால், வரவிருக்கும் விரிசல் அந்தக் கோட்டுக்குள் ஒழுங்காக ஒளிந்துகொள்ளும். வெளித்தரைக்கு வீட்டைவிட்டு விலகும் வாட்டம், மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு செ.மீ. வரை அவசியம். ஈரச் சிமென்ட் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். முழங்காலிட்டு மட்டப்பலகை தேய்ப்பவருக்கு நீர் புகாத முழங்கால் உறையும் கையுறையும் கொடுங்கள்.

மூடும் முன் ஈரம்

என் முதல் வாடகை வீட்டில் சமையலறைத் தரையைப் புதிதாகப் போட்டு, மூன்றாம் வாரம் வினைல் விரிப்பு ஒட்டினோம். கான்கிரீட் கல்லாக இறுகிவிட்டதே, இன்னும் எதற்குக் காத்திருப்பது என்று ஒப்பந்தக்காரரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. குடிவந்தவர்கள் இரண்டு மாதத்தில் அழைத்தார்கள். விரிப்பில் உள்ளங்கை அகலக் கொப்புளங்கள். ஒன்றைக் கீறித் தூக்கியபோது பசை கஞ்சிபோல் இழுபட்டு, புளித்த வாடை அடித்தது. குடியிருக்கும் வீட்டில் சமையலறையைக் காலிசெய்து, விரிப்பை உரித்து, பசையைச் சுரண்டி, உலரவிட்டு, மறுபடி ஒட்டினேன். அந்த நாட்களுக்கு வாடகை கேட்க எனக்கு வாயில்லை.

இறுகுவது வேறு, உலர்வது வேறு. ஒருபக்கம் மட்டும் உலரும் தரைக்கு, 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் என்பது நடைமுறையில் வழங்கும் தோராயக் கணக்கு, 100 மி.மீ. தரைக்கு நான்கு மாதமாகும். எளிய சோதனை ஒன்று உண்டு: 45 செ.மீ. சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டு எடுக்கவும். தாளின் அடியில் நீர்த்துளியோ, தரையில் கருத்த ஈரத்தடமோ இருந்தால் ஒட்டக் கூடாது. ஏதும் தெரியாவிட்டாலும் அது முழு உறுதி ஆகாது. மரத்தரையோ வினைலோ போடுவதாக இருந்தால், துளையிட்டு உள்ளே ஈரப்பதமானி வைத்து அளப்பதே நம்பத்தக்கது. பழைய தரைத்தளத்தில் ஆண்டுகள் கடந்தும் ஓதம் ஏறி உப்பு பூக்கிறது என்றால், அடியில் ஈரத்தடுப்புத் தாள் இல்லை அல்லது பழுதாகிவிட்டது என்று கொள்ளலாம். அங்கே காத்திருப்பதால் பயனில்லை, எபாக்சி ஈரத்தடுப்புப் பூச்சு அடித்துவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும்.

இந்தக் காத்திருப்பைத் தவிர்க்க ஒரு வழி, மூடாமலே விட்டுவிடுவது. கான்கிரீட்டையே அரைத்து, சிலிகேட் கடினமாக்கியைப் பூசி, மெருகேற்றிவிட்டால், வாடகைதாரர்கள் மாறிக்கொண்டே இருக்கும் வீட்டுக்கு அதைவிட உழைக்கும் தரை குறைவு. காலடிச் சத்தம் கீழ் வீட்டுக்குக் கேட்கும் என்பதால் மாடியில் நான் இதைச் செய்வதில்லை.

ஆகவே வேலை வரிசையை அமைக்கும்போது, உடைத்தலையும் கான்கிரீட்டையும் முதல் வாரத்திலேயே முடித்துவிட்டு, அது உலரும் நாட்களில் மின்கம்பி, குழாய், சன்னல் வேலைகளைச் செய்து, தரை விரிப்பைக் கடைசிக்குத் தள்ளுவதே முறை. கான்கிரீட் போடும் முன் கம்பிகளையும் குழாய்களையும் அளவுநாடாவை வைத்துப் படமெடுத்துக்கொண்டால், பின்னாளில் துளையிடும்போது கண்ணைக் கட்டிக்கொண்டு துளையிட வேண்டியிராது. ரசீதுகளில் பழுதுநீக்கத்தையும் புதிய கட்டுமானத்தையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வரிக் கணக்கில் இரண்டையும் வெவ்வேறாக நடத்தும் நாடுகள் பல.

வீடு கைமாறும் ஒவ்வொரு முறையும், சாவியை வாங்கிய அன்றே நான் அதே சுத்தியலுடன் குளியலறைக்குக் கீழே உள்ள தளத்தைத் தட்டிவிட்டு, படிக்கட்டுச் சுவரிலிருக்கும் பழைய விரிசலிடம் செல்வேன். பென்சில் கோடுகள் இப்போது ஐந்து தேதிகளைக் கடந்துவிட்டன; விரிசலின் முனை முதல் கோட்டிலேயே நிற்கிறது. ஆறாவது தேதியை எழுதிவிட்டு வண்ணம் அடிப்பவரிடம், அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்வேன்.